ஆறிய புண்ணும் ஆறாத மூட்டும்

ஓசூர் என்றதும் பலருக்கு ரோஜாத் தோட்டமும் தொழிற்சாலையும் நினைவுக்கு வரும். விலங்கியல் மாணவனாகிய எனக்கோ எங்கள் வீட்டு நாய் ராஜாவின் முன்னங்கால்தான் நினைவுக்கு வருகிறது.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் அதையொட்டி லேத்துப் பட்டறைகளும் பழைய இரும்புக் கடைகளும் பெருகின. கடைசலில் விழும் இரும்புச் சுருள்கள் சில தெருவோரமும் கிடக்கும். சென்ற ஆண்டு அதிலொன்று ராஜாவின் மணிக்கட்டருகே குத்திவிட்டது. பிடுங்கி எறிந்து, மஞ்சள் வைத்தேன். மூன்றாம் நாள் துளை இருந்த இடமே தெரியவில்லை. ஐந்தாம் நாள் நாய் காலை ஊன்ற மறுத்தது. மூட்டு வீங்கிச் சுட்டது. "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு நீவுடா" என்றார் தாத்தா. நானும் நீவினேன். என் அறியாமையை என்னென்பது!

எட்டாம் நாள்தான் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் ஊசியால் மூட்டுநீரை எடுத்தார். நல்ல மூட்டுநீர் தெளிவாக, விரலில் தொட்டால் நூலாய் இழுபடும். ராஜாவுடையதோ கலங்கி, தண்ணீராய் ஓடியது. நலமான மூட்டில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 3,000க்கும் குறைவாக உள்ள அணுக்கள், சீழ்பிடித்தால் பெரும்பாலும் 40,000ஐத் தாண்டிவிடுமாம். எக்ஸ்ரேயை மட்டும் நம்ப முடியாது; முதல் வாரங்களில் அதில் வீக்கமே தெரியும், எலும்பின் அரிப்பு பிறகுதான் தெரியும்.

குத்திய பொருளோடு தோலிலுள்ள ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா மூட்டுக்குள் போய்விடுகிறது. நாய்க்கடியானால் வாயிலுள்ள பாஸ்சுரெல்லாவும் சேரும். மேலே தோல் மூடிக்கொள்ள, உள்ளே கிருமி பெருகும். அதை எதிர்க்க ஓடிவரும் வெள்ளணுக்கள் கக்கும் நொதிகளே குருத்தெலும்பையும் அரிக்கின்றன. வீட்டைக் காக்க வந்தவனே கூரையைப் பிரித்த கதைதான். குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே அரித்த இடம் பழையபடி வளர்வதில்லை.

மூட்டை உப்புநீரால் கழுவி, கிருமி வளர்ப்புச் சோதனைக்கு நீரை அனுப்பி, ஆறு வாரம் மருந்து கொடுக்கச் சொன்னார். வலிக்கென்று நான் சட்டைப் பையில் வைத்திருந்த ஐபுபுரூஃபன் மாத்திரையைக் கண்டு அதட்டினார். அது நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்குமாம்.

1824இலேயே கால்நடைப் பண்ணை கண்ட ஊர் எங்களுடையது. அங்கே வளர்ந்த நான் ஒரு நொண்டலை எட்டாம் நாள் வரை சுளுக்கென்று நம்பியிருந்தேன். ராஜா இப்போது நான்கு கால்களையும் ஊன்றுகிறான். படியிறங்கும்போது மட்டும் அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் வீசி இறங்குகிறான்.