பற்றைவெளியைக் காப்பவர் யார்?

ஆங்கில நாவல் ஒன்றைத் தமிழில் சுருக்கி எழுத முயன்ற என் மாணவன் ஒருவன், "சேர், 'ஹீத்' என்பதைக் காடு என்று எழுதுவதா, தரிசு என்று எழுதுவதா?" என்று கேட்டான். இரண்டும் பொருந்தா என்றேன். காடென்றால் மரம் வேண்டும். தரிசென்றால் பயனற்றது என்றாகிவிடும். எங்கள் ஊர்ப் பேச்சில் 'பற்றை' என்றொரு நல்ல சொல் உண்டு. முழங்காலளவு, இடுப்பளவு செடிகள் அடர்ந்த, மரங்கள் அருகிய வெளியைப் பற்றைவெளி எனலாம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே இன்றைய விடயத்துக்கு வருவோம்.

அவன் எடுத்துக்கொண்ட நாவல் தோமஸ் ஹார்டி 1878 இல் வெளியிட்ட 'ஊர் திரும்பியவன்'. அதன் முதல் அத்தியாயத்தில் மாந்தர் கதை தொடங்குவதில்லை. எக்டன் என்ற பற்றைவெளிதான் வருகிறது. பாரிஸ் நகரில் வைர வியாபாரத்தில் இருந்த கிளிம் ஊர் திரும்புகிறான். கண்பார்வை மங்கவே, முட்பற்றை வெட்டும் கூலியாளாகிறான். அவனுடைய மனைவிக்கு அது பெருத்த அவமானம். தாயோ, தன் முன்னே நடந்து செல்லும் பற்றை வெட்டியைத் தன் மகனென்று முதலில் அறியாமலே பின்தொடர்கிறாள். நடையைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறாள். கிளிம்முடைய வீழ்ச்சியென்றே நாம் இதனைப் படித்துவிடுகிறோம். ஆனால் நிலத்தின் பக்கமிருந்து பார்த்தால், அந்த வெளி உயிரோடிருக்கக் காரணமானவனே பற்றை வெட்டிதான்.

எப்படியெனில், இங்கிலாந்தின் தாழ்நிலப் பற்றைவெளிகள் தாமாக வந்தவையல்ல. சத்துக் குறைந்த, புளிப்பு மிகுந்த மணல் நிலத்தில் நின்ற காட்டை ஆதிமனிதர் அழித்தனர். அதன்பின் ஆடுமாடுகள் மேய்ந்தன. மக்கள் அடுப்புக்கு முட்பற்றையையும், மாட்டுப் பட்டியில் பரப்பப் பன்னச் செடியையும், எரிக்கப் புல்மண் கட்டியையும் எடுத்தனர். இவ்வாறு எடுக்க எடுக்க மண்ணின் சத்து ஏறவில்லை, மரக்கன்று தலைதூக்கவில்லை. அந்த வறிய மண்ணில்தான் ஹெதர் என்னும் ஊதாப்பூச் செடி செழிக்கும். மனிதன் கைவிட்டானாயின் பேர்ச் மரமும் பைன் மரமும் முளைத்து, சில பத்தாண்டுகளில் வெளி மறைந்துவிடும்.

இவ்வெளிகளுட் பல பொதுநிலங்கள். பொதுநிலமென்றால் உடைமையாளன் இல்லாத நிலமென்று கருதலாகாது. ஆங்கிலச் சட்டத்தில் அதற்கு ஓர் உடைமையாளன் உண்டு. அயலில் வாழும் குடியானவர்களுக்கோ அதிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. உரிமைக்கு எல்லையும் இருந்தது. குளிர்காலத்தில் சொந்த நிலத்தில் வைத்துத் தீனி போடக்கூடிய எண்ணிக்கையளவு மாடுகளையே கோடையில் பொதுவில் மேயவிடலாம் என்பது பழைய அளவுகோல். விறகும் வீட்டுத் தேவைக்கே; விற்பனைக்கன்று.

இந்த உரிமை சோதனைக்குள்ளான இடங்களுள் ஒன்று, இலண்டனுக்குத் தெற்கே சசெக்ஸ் மாவட்டத்திலுள்ள ஆஷ்டவுன். 'வனம்' என்று பெயர்; அரசர்கள் வேட்டையாடிய இடமென்பதால் வந்த பெயர் அது. பெரும்பகுதி பற்றைவெளியே. 1693 இல் வெளிவந்த தீர்ப்பொன்று அதில் ஏறத்தாழ 6,400 ஏக்கரைப் பொதுவென ஒதுக்கி, எஞ்சியதைத் தனியாருக்கு விட்டது. 1877 ஒக்டோபரில் ஜோன் மைல்ஸ் என்பவர் தம் நிலக்கிழாரான பேர்னாட் ஹேலுக்காக அங்கே மாட்டுப் படுக்கைக்குரிய பன்னமும் ஹெதரும் வெட்டினார். மேய்ச்சலுக்கு உரிமையுண்டு, வெட்டி அள்ளிச்செல்ல உரிமையில்லை என்று டி லா வார் பிரபு வழக்குத் தொடுத்தார்.

குடியானவர் தரப்புச் சட்டத்தரணியான ரேப்பர் என்பவர் செய்த காரியம் இலக்கிய அன்பர்கள் மனங்கொள்ளத்தக்கது. அவர் அயற்கிராமங்களில் முதியவர்களைத் தேடிச் சென்று, சிறுவயது முதல் எங்கே, எப்போது, எதை வெட்டினார்கள் என்று கேட்டு எழுதினார். ஏட்டில் இல்லாத வழக்கம் கிழவர்களின் நினைவில் இருந்தது. கீழ்மன்றில் 1880 இல் பிரபுவே வென்றார். 1881 இல் மேன்முறையீட்டு மன்று நெடுங்காலப் பாவனையையே ஆதாரமாகக் கொண்டு ஹேலுக்கு உரிமையுண்டெனத் தீர்த்தது. 1885 இல் சட்டத்தின்வழி ஒரு காப்பாளர் சபையும் அமைந்தது.

பிற்பாடு நிகழ்ந்ததுதான் விசித்திரம். வழக்காடிப் பெற்ற உரிமையைப் பயன்படுத்த ஆளில்லாமற் போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலக்கரியும் மின்சாரமும் அடுப்பை ஆண்டன. மாடு வளர்ப்போர் குறைந்தனர். 1947 இல் நூற்றுக்கு 90 வீதமளவில் இருந்த பற்றைவெளி, 2007 இல் 60 வீதமளவுக்குச் சுருங்கியது. பிரபு முயன்றும் தடுக்க முடியாத அரிவாளைக் காலம் தானாகவே கீழே வைக்கச் செய்துவிட்டது.

வெளி சுருங்கினால் என்ன என்று கேட்கலாம். அதை நம்பி வாழ்பவை வேறிடம் போகமாட்டா. ஆபிரிக்காவிலிருந்து வரும் பக்கி என்னும் இராப்பறவை அங்கே வெறுந்தரையில் முட்டையிடுகிறது. முட்பற்றையில் வாழும் டார்ட்ஃபோர்ட் கதிர்க்குருவி, 1962-63 கடுங்குளிரின்பின் அந்நாட்டில் ஏறத்தாழப் பத்துச் சோடியாகக் குறைந்து, மெல்லத் தேறியது. 1800 இல் இங்கிலாந்தில் இருந்த தாழ்நிலப் பற்றைவெளியில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கே இன்று எஞ்சியுள்ளது.

ஆகவே பழைய குடியானவர் செய்த வேலையை இன்று காவலர்களும் தொண்டர்களும் செய்கின்றனர். குளிர்காலத்தில் பேர்ச், பைன் கன்றுகளைப் பிடுங்குவர். முதிர்ந்த ஹெதரைத் துண்டு துண்டாக வெட்டி, இளையதும் முதியதுமாய்ப் பல பருவச் செடிகள் அடுத்தடுத்து நிற்கச் செய்வர். வெட்டியதை அங்கேயே போட்டால் மண் சத்தேறிவிடும், அள்ளி அகற்றவேண்டும். சில இடங்களில் சிறு சிறு பரப்பாகத் தீயிடுவதும் உண்டு. தாழ்நிலங்களில் அதற்குரிய காலம் நவம்பர் முதல் மார்ச் முடிய. செம்மறிகளும் மாடுகளும் சிறுகுதிரைகளும் மீண்டும் மேயவிடப்படுகின்றன. பறவைகள் கூடுகட்டும் காலத்தில் நாய்களைக் கட்டிப் பிடித்துவரும்படி வேண்டுகின்றனர்.

இங்கேதான் மனத்தாங்கல் எழுகிறது. மரத்தை வெட்டுவதா இயற்கையைக் காப்பது என்று உலாவ வருபவர் கேட்கிறார். வேலி போட்டால் பொதுநிலத்துக்கு வேலியா என்கிறார். அவர் கேள்வியிலும் நியாயமுண்டு. வேலியிட்டுப் பறித்த வரலாறு அந்நாட்டு மக்களின் நெஞ்சில் ஆறாத வடு. ஆதலால் அங்கே கோடரியை எடுக்குமுன் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். அதுவும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

சிறுவர் அறிந்த 'வின்னி த பூ' கரடி 1926 இல் உலவத் தொடங்கியது இதே ஆஷ்டவுன் வெளியில்தான். ஆசிரியர் ஏ. ஏ. மில்ன் அதன் அருகே வீடு வாங்கியிருந்தார். 1988 இல் அந்நிலத்தை மாவட்ட சபை பிரபு குடும்பத்திடமிருந்து விலைக்கு வாங்கியது. ஆனால் நிலத்தை வாங்குவது ஒருநாள் வேலை; கன்று பிடுங்குவது ஆண்டுதோறும் வரும் வேலை.

என் மாணவனுக்கு இறுதியிற் சொன்னது இதுதான்: கிளிம்மின் கையிலிருந்த வெட்டுக்கத்தியை அவமானச் சின்னமாக எழுதிவிடாதே. அது ஓய்ந்த இடத்தில் எக்டனும் ஓய்ந்துவிடும்.