சமதரையில் மேடு எது? – தாம்பரத்திலிருந்து கோவளத்துக்குச் சைக்கிள் பயணம்



போன வருடம் பொங்கல் லீவில் நாங்கள் ஆறு பேர் தாம்பரத்திலிருந்து மாமல்லபுரத்துக்குச் சைக்கிளில் போனோம். போனது எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்த கதை பாதிப் பேருக்குத்தான் தெரியும். வரும் வழியில் ஒருத்தனுக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. அவனையும் அவன் சைக்கிளையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். வீடு சேரும்போது இரவு எட்டரை மணி. அன்று வீட்டில் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது, இது சுவர் இதழ்!

"ரோடு முழுக்க சமதரைடா, ஒரு மலை கூட கிடையாது, என்ன கஷ்டம்?" என்று எல்லாரையும் கூப்பிட்டவன் நான்தான். அதனால் தப்பும் என்னுடையதுதான். இந்த வருடம் பிப்ரவரியில் மறுபடியும் போனோம். இந்தத் தடவை கோவளம் வரைக்கும்தான். வீட்டில் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே எல்லாரும் திரும்பி வந்துவிட்டோம். இரண்டு பயணத்துக்கும் நடுவில் என்ன கற்றுக்கொண்டோம் என்பதை எழுதுகிறேன். அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

1. தூரம்: பாதியை மறக்காதீர்கள்

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து மாமல்லபுரம் இன்னும் ஏறக்குறைய 20. ஆக, போக 50, வர 50. மொத்தம் 100!

நான் போட்ட கணக்கு இதுதான்: மணிக்கு 15 கி.மீ., 100 கி.மீ.க்கு ஏழு மணி நேரம் கூட ஆகாது. கணக்கு சரி, ஆள்தான் தப்பு. கியர் இல்லாத பள்ளிக்கூட சைக்கிளில், பையோடு, ஆறு பேர் சேர்ந்து போனால் மணிக்கு 12 கி.மீ. வந்தாலே பெரிது. டீ குடிக்க, செயின் மாட்ட, ரோடு கிராஸ் பண்ண எல்லாம் நேரம் போகும். அதனால் இப்போது எங்கள் கணக்கு வேறு. 12 கி.மீ. வேகத்தில் எவ்வளவு நேரம் ஆகுமோ, அதோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்வோம். 30 கி.மீ.க்கு இரண்டரை மணி. ஓய்வு எல்லாம் சேர்த்து மூன்றே கால், மூன்றரை மணி. இது சரியாக வந்தது.

2. காற்று: கண்ணுக்குத் தெரியாத மேடு

இதுதான் முக்கியமான பகுதி. தயவுசெய்து இதை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள்.

நம்ம பக்கம் கடற்கரைச் சமவெளி. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்து லேசாகச் சரிந்திருக்கிறது. அந்தச் சரிவில் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கித்தான் அந்தக் காலத்தில் இத்தனை ஏரிகளை உண்டாக்கினார்கள். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சொல்வது இதனால்தான். சைக்கிளில் போகிறவனுக்கு இந்தச் சரிவு தெரியவே தெரியாது. ஆனால் மேடு இல்லாத இடத்தில் காற்றைத் தடுக்கவும் ஒன்றும் இல்லை. காற்றுதான் அங்கே மேடு!

பிசிக்ஸ் சாரிடம் கேட்டேன். காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடியாக ஏறும் என்றார். உதாரணம்: காற்றே இல்லாத நாளில் நான் 12 கி.மீ. வேகத்தில் போகிறேன். என் முகத்தில் 12 கி.மீ. காற்று படும். இப்போது எதிரில் 12 கி.மீ. காற்று வீசினால், படுகிற காற்று 24 கி.மீ. வேகம் இரண்டு மடங்கு, எதிர்ப்பு நான்கு மடங்கு! அதே காற்று முதுகுப் பக்கம் வீசினால் எதிர்ப்பே இல்லை. ரோடு அதே ரோடு, சைக்கிள் அதே சைக்கிள். திசை மட்டும்தான் வேறு.

சரி, காற்று எப்போது எங்கிருந்து வரும்? வெயில் ஏறினால் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேல் இருக்கும் சூடான காற்று மேலே போகும். அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். இதுதான் கடல் காற்று. நம்ம பக்கம் பெரும்பாலும் மதியத்தை ஒட்டி ஆரம்பிக்கும். இரவில் இதற்கு நேர் எதிர். நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று போகும். விடியற்காலையிலும் அது கொஞ்சம் இருக்கும்.

இதைச் சைக்கிளுக்குப் பொருத்திப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து கோவளம் தென்கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பார்த்துப் போனால் காற்று நமக்குத் தொல்லை தராது. மதியத்துக்கு மேல் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் கடல் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். கூலி வாங்காத ஆள்!

அப்படியென்றால் போன வருடம் ஏன் மாட்டிக்கொண்டோம்? அதற்குத் தமிழய்யா பதில் சொன்னார். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை. பொங்கல் சமயத்தில் வாடையும் கொண்டலும் கலந்த வடகிழக்குக் காற்று. மாமல்லபுரத்திலிருந்து கோவளத்துக்கு இ.சி.ஆர். கடற்கரையை ஒட்டியே வடக்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து வருகிறது. அதாவது மதியம் ஒரு மணிக்கு நாங்கள் நேராகக் காற்றின் வாய்க்குள் சைக்கிள் மிதித்தோம். அந்த 20 கி.மீ.க்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. காலையில் அதே ரோட்டில் ஜாலியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போனோமே, அது எங்கள் பலம் இல்லை, காற்றின் பலம் என்று அப்போது புரியவில்லை.

பிப்ரவரி பாதிக்கு மேல் கடல் காற்று தென்கிழக்கிலிருந்து வரத் தொடங்கும். கோவளத்திலிருந்து தாம்பரம் திரும்ப அதுதான் சரியான காற்று. மழையும் இருக்காது, ஏப்ரல், மே வெயிலும் இருக்காது. பொதுத்தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் தயவுசெய்து புத்தகத்தைத் திறங்கள், சைக்கிளை அல்ல!

3. வழியும் நேரமும்

காலை 6.00 – தாம்பரம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் வழியாக வண்டலூர். ஏழு கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் மொத்தப் பயணத்திலும் இதுதான் ஆபத்தான துண்டு. இங்கே பேருந்துகள் நிறைய. இடது ஓரமாக, ஒருத்தர் பின்னால் ஒருத்தர். பேச்சு கூடாது. விடியும் நேரம் என்பதால் பின்னால் சிவப்பு ஒளி தெரிகிற மாதிரி ரிஃப்ளெக்டர் கட்டாயம்.

6.45 – வண்டலூர். மிருகக்காட்சி சாலை பக்கத்தில் முதல் ஓய்வு. பிறகு கேளம்பாக்கம் ரோட்டில் திரும்ப வேண்டும். கண்டிகை, மேலக்கோட்டையூர், மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று ஊர்கள் வரும். நடுநடுவே ஏரிகள் தெரியும். அடுக்குமாடி வீடுகளும் வேகமாக வந்துகொண்டிருக்கின்றன.

8.00 – மாம்பாக்கம். டிபன். இட்லி போதும். பூரி சாப்பிட்டவன் புதுப்பாக்கம் வரை ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தான்.

9.00 – கேளம்பாக்கம். இங்கே ஓ.எம்.ஆர். குறுக்கே போகிறது. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிராஸ் பண்ணுங்கள்.

9.40 – கோவளம். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சின்ன ரோடுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உப்பளம், உப்பங்கழித் தண்ணீர், ஒற்றைக் காலில் நிற்கும் பறவைகள்! வழியில் பக்கிங்காம் கால்வாயைத் தாண்டுவோம். 1876-78 பஞ்சத்தின்போது சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்தான் கால்வாய்க்கு வந்தது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் இதில் படகில் சென்னைக்குப் போயின. இந்த ரோட்டில் நிழல் கிடையாது. தொப்பி வேண்டும்.

கோவளத்தில் மீனவர் படகுகள், மாதா கோயில், தர்கா எல்லாம் பார்க்கலாம். இங்கே இருந்த கோட்டையை 1752-ல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார் என்று வரலாறு டீச்சர் சொன்னார். கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. குளிப்பதென்றால் அனுமதித்த இடத்தில் மட்டும், அதுவும் பெரியவர் கூட இருந்தால் மட்டும். எங்களோடு உடற்கல்வி சார் வந்திருந்தார்.

மதியம் 2.30 – கிளம்ப வேண்டும். மாலை 6 மணிக்குள் தாம்பரம்.

ஒரு கண்டிப்பான விதி: காலை 9.30-க்குள் கேளம்பாக்கம் வரவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். இதை வீட்டிலேயே முடிவு பண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ரோட்டில் வைத்து முடிவு பண்ணினால் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்றுதான் மனசு சொல்லும்.

4. சைக்கிள்

நிறைய பேரிடம் இருப்பது பிளஸ் ஒன்னில் அரசு தந்த சைக்கிள்தான். அது போதும். இரண்டு நாள் முன்னாலேயே கடையில் காட்டிவிடுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, செயின் தொங்குகிறதா, சக்கரத்தில் கோட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டயரில் காற்று குறைந்தால் மிதிக்கிற பாரம் கூடும். சீட் உயரம் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். தசை பிடித்த நண்பனின் சீட் ரொம்பத் தாழ்வாக இருந்தது என்று சைக்கிள் கடை அண்ணா பிறகுதான் காட்டினார். ஆறு பேருக்கு ஒரு பம்ப், ஒட்டுப்போடும் சாமான், ஒரு டியூப். பஞ்சர் ஒட்ட இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் கடையும் உங்களுக்காகத் திறந்திருக்காது.

5. தண்ணீர், சாப்பாடு

தாகம் எடுக்கிற வரை காத்திருக்கக் கூடாது. கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு வாய். நிறைய வேர்த்தால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் போகிறது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. இதைவிட உப்பைக் கூட்டக் கூடாது. மதியத்துக்குப் புளிசாதம் கெடாது. வாழைப்பழம், கடலை மிட்டாய் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

6. யார் முன்னால் போவது?

கடைசியாக இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. போன வருடம் அந்த நண்பனுக்குக் கால் பிடித்தபோது நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லை. எதிர்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு மிதித்ததில் மூன்று கிலோமீட்டர் முன்னால் போய்விட்டோம். அவனிடம் போன் இல்லை. அரை மணி நேரம் இ.சி.ஆர். ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். நாங்கள் திரும்பிப் போனபோது அவன் திட்டவில்லை. "வந்துட்டீங்களாடா" என்று மட்டும் கேட்டான்.

அதனால் இந்த வருடம் மெதுவாகப் போகிறவன்தான் முதலில். அவன் வேகம்தான் எல்லாருடைய வேகமும். நன்றாக மிதிப்பவன் பம்ப்போடு கடைசியில். ஒவ்வொரு ஓய்விலும் தலை எண்ண வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வழி, நேரம், சாரின் போன் நம்பரோடு ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தேன்.

அந்த நண்பனின் அம்மா தாளை ரொம்ப நேரம் படித்தார். "எம்புள்ள பேர எதுக்குப்பா மொதல்ல எழுதியிருக்க?" என்று கேட்டார். "அவன்தாம்மா முன்னாடி போறான். நாங்க பின்னாடி" என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை ஐந்து நாற்பதுக்குத் தாம்பரம் வந்தோம். வண்டலூர் ரோட்டில் காற்று முதுகைத் தள்ள, அவன்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தான். எங்களைவிட வேகமாக! "டேய், மெதுவா போடா" என்று நாங்கள்தான் கத்தினோம்.

அடுத்த தடவை ஒன்பதாம் வகுப்பு மாணவிகளும் வர ஆசைப்படுகிறார்கள். தாராளமாக வரலாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு தாங்களாகவே வெளியே போய் வந்தார்கள். அவர்களுக்கு முடிந்தது நம்ம பள்ளித் தோழிகளுக்கு முடியாதா? வீட்டில் கையெழுத்து வாங்கி வாருங்கள். திட்டத் தாள் என்னிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் எழுதித் தருகிறேன்.

கிளம்பும் முன் ஒரு கைப்பிடி மணலைத் தூவி, காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்