தீக்குழியும் வெப்பமானியும்

சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கி வடக்கே செல்லும் வீதியை விட்டுக் கடற்பக்கமாகத் திரும்பினால், தென்னஞ் சோலைகளைக் கடந்து உடப்பு என்னும் தமிழ்க் கிராமத்தை அடையலாம். கரைவலை இழுத்து வாழும் மக்களின் ஊர் அது. அங்குள்ள திரௌபதியம்மன் ஆலயத்தில் ஆடி மாதத்தில் நடைபெறும் தீமிதிப்பு விழா இலங்கையெங்கும் பெயர் பெற்றது. பாரதப் போர் முடிந்தபின் பாஞ்சாலி தீயில் இறங்கித் தன் தூய்மையை நிலைநாட்டினாள் என்னும் ஐதிகத்தை நினைந்து, விரதங் காத்த அடியார்கள் தணற்குழியில் இறங்கி நடப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், விழா முடிந்த அடுத்த கிழமையில், விஞ்ஞானப் பிரிவில் பயிலும் மாணவனொருவன் என் மேசையருகே வந்து நின்றான்.

“சேர், பக்தி உள்ளவரை நெருப்புச் சுடாது என்று வகுப்பிலே சொன்னீர்கள். என் அம்மாவுக்குச் சுட்டுவிட்டது.”

“விரதத்தில் ஏதேனும் குறை நேர்ந்திருக்கும்” என்றேன்.

அவன் மறுமொழி கூறாமற் போய்விட்டான். பின்னரே உண்மை தெரிந்தது. அந்தத் தாய், ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, வெந்த காலைத் துணியாற் சுற்றி மறைத்துக்கொண்டு நான்கு நாட்களாக வைத்தியசாலைக்கும் போகாதிருந்தாராம். ஊரார் சொல்லக்கூடுமென்று அவர் அஞ்சிய அதே வார்த்தையை, படித்தவனென்று பெயர் பெற்ற நான் அவருடைய மகனிடமே சொல்லியிருந்தேன். அதனை எண்ணும்போதெல்லாம் நாணமே மேலிடுகிறது.

அதன் பின்னர்தான் இவ்விஷயத்தை முறையாகப் படிக்கத் தொடங்கினேன். 1935 ஆம் ஆண்டு இங்கிலாந்தில், கார்ஷால்டன் என்னும் ஊரில், காஷ்மீரத்தைச் சேர்ந்த குடா பக்ஸ் என்னும் முஸ்லிம் அன்பர் விஞ்ஞானிகளின் முன்னிலையில் தணலின் மேல் நடந்தார். தணலின் மேற்பரப்பு ஏறத்தாழ 430 பாகை சென்ரிகிரேட் வெப்பத்தில் இருந்தது. ஆயினும் அவருடைய பாதங்களிற் கொப்புளமில்லை. ஈராண்டு கழித்து நடந்த சோதனைகளில், எவ்வித நோன்பும் இல்லாத ஆங்கிலேயரும் நடந்து காட்டினர். நம் நாட்டிலும் வைத்தியப் பேராசிரியர் கார்லோ பொன்சேகா தீமிதிப்பை ஆராய்ந்து, 1971 ஆம் ஆண்டு இலங்கை மருத்துவச் சஞ்சிகையிற் கட்டுரை வெளியிட்டார். பகுத்தறிவாளர் சங்கத் தலைவராயிருந்த ஆபிரகாம் கோவூரோ, அற்புதம் எதனையேனும் மோசடியற்ற சோதனையில் நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963 இலேயே அறைகூவினார். 1978 இல் அவர் மறையும்வரை அப்பணம் எவர் கைக்கும் போகவில்லை.

இவர்கள் கூறும் காரணம் எளியது. பாண் சுடும் போறணைக்குள் ஒரு கணம் கையை நீட்டுங்கள். உள்ளேயிருக்கும் காற்று கையைப் பொசுக்குவதில்லை. அதே போறணையில், அதே வெப்பத்திலுள்ள தகரத் தட்டை விரல் நுனியால் தொட்டாலோ உடனே கொப்புளிக்கும். வெப்பம் எவ்வளவு என்பது மட்டுமன்று, அது எவ்வளவு விரைவாகத் தோலுக்குக் கடத்தப்படுகிறது என்பதும் கேள்வியாகும். மரக்கரி வெப்பத்தை மெல்லக் கடத்தும் பொருள். அதன் மேற் படியும் சாம்பலும் அவ்வாறே. ஒவ்வோர் அடியிலும் பாதம் தணலைத் தொடுவது அரை விநாடிக்கும் குறைவு. வெறுங்காலுடன் மணலில் நடந்து பழகியவர்க்கு உள்ளங்காலின் தடித்த தோலும் துணை. தயங்கி நிற்பவருக்கும், ஓடிக் காலைத் தணலிற் புதைப்பவருக்கும், விரலிடுக்கிற் கங்கு சிக்கியவருக்கும் சுடும். அந்தத் தாய்க்கு நேர்ந்தது இவற்றுள் ஏதோ ஒன்றாயிருக்கலாம். அதற்கும் அவருடைய ஒழுக்கத்துக்கும் ஒரு தொடர்புமில்லை. (தீப்பட்ட காலைக் குளிர்ந்த ஓடுநீரில் இருபது நிமிடம் பிடிப்பதே முதலுதவி. பற்பசையும் மஞ்சளும் வேண்டாம்.)

“அப்படியானால் சமயம் தோற்றுவிட்டதா?” என்று வாசகர்கள் வினவக்கூடும். தீ சுடாமையை நம் சமயத்தின் சான்றாகக் கொள்வோமாயின் வேறோர் இடர்ப்பாடும் உண்டு. பீஜித் தீவுகளில் பழங்குடி மக்கள் சூடேறிய கற்களின் மேல் நடக்கிறார்கள். கிரேக்க நாட்டின் சில கிராமங்களில் கிறிஸ்தவர்கள் மே மாதத்தில் புனிதர்களின் படங்களை ஏந்தித் தணலில் ஆடுகிறார்கள். சாட்சி சொல்ல வருமாயின் தீ அனைவர்க்கும் சொல்லும்; எவரையும் நம்பாதவர்க்கும் சொல்லும். இத்தகைய சாட்சியை எந்த நீதிபதி ஏற்பார்?

நம் முன்னோர் இச்சாட்சியை நாடவில்லை என்பதே என்னை வியப்பில் ஆழ்த்தியது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களால் ஆனது. ஒவ்வொன்றும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என நியாய முறையில் விரிகிறது. அற்புதம் நிகழ்ந்தது, ஆகவே நம்பு என்பது அந்நூலின் போக்கன்று. அவருடைய மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் ஒரு படி மேலே சென்றார். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் கடவுளே இல்லையென்னும் உலகாயதனை முதலில் நிறுத்தி, அவன் கட்சியை அவன் வாயாலேயே சொல்லவைத்து, அதன் பின்னரே மறுக்கிறார். இப்படிப் பதினான்கு கட்சிகள்! எதிரியின் வாதத்தைக் குறைத்துக் கூறாது முன்வைக்கும் அந்தத் துணிவு, கேள்வி கேட்ட பிள்ளையின் வாயை ஒரு வாக்கியத்தால் அடைத்த எனக்கு இல்லாமற் போயிற்று.

ஆகவே, கால் ஏன் வேகவில்லை என்ற வினாவைப் பௌதிகத்துக்கே விட்டுவிடுவோம். அந்தத் தாய் ஏன் இறங்கினாள் என்பது வேறு வினா. கடலுக்குப் போன கணவன் திரும்பாத ஓர் இரவில் அவள் அம்மனுக்கு நேர்ந்தது அது. பகுத்தறிவாளர் இங்கும் ஒரு தடை எழுப்புவர்: “அச்சமே நேர்த்தியாயிற்று, அச்சத்திற் பிறந்த நம்பிக்கைக்கு மதிப்பேது?” இத்தடை வலிமையுள்ளது; எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் ஒன்று எங்கிருந்து பிறந்தது என்பதைக் காட்டிவிட்டால் அது பொய்யென்று ஆகிவிடாது. இடியைக் கண்டு அஞ்சிய மனிதனே வானத்தை ஆராயத் தொடங்கினான் என்றால், அதனால் வானிலை நூல் பொய்யாகுமா? நம்பிக்கையின் மெய்ம்மையை அதன் பிறப்பைக் கொண்டு தீர்க்கவியலாது. அதற்காகக் கூறப்படும் நியாயங்களைக் கொண்டே தீர்க்கவேண்டும். எம் தரப்பு நியாயங்கள் வலியவை என்பது என் கருத்து. அவை முடிந்த முடிபு என்று மட்டும் இனி வகுப்பிற் சொல்லமாட்டேன்.

பின்னர் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குச் சென்று, நான் சொன்னது தவறென்று தாயிடமும் மகனிடமும் ஒப்புக்கொண்டேன். கரியைப் பற்றியும் சாம்பலைப் பற்றியும் விளக்கினேன். அந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, “நேர்த்தி முடிந்தது, மாஸ்டர். கால் ஆறிவிடும்” என்றார். விரதத்தில் குறையில்லை என்று நான் சொன்ன இடத்தில் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகன் இன்னும் கோயிலுக்கு வருவதில்லை. பல்கலைக்கழக விடுமுறையில் என்னிடம் வருகிறான். சென்ற முறை சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தைப் படித்துவிட்டு வந்து கேட்டான்: “குடத்தைக் குயவன் வனைவதைக் கண்டிருக்கிறோம், சேர். உலகங்கள் வனையப்படுவதை எங்கே கண்டோம்? எடுத்துக்காட்டுப் பொருந்துமா?” அடுத்த விடுமுறைக்குள் விடை சொல்வதாகக் கூறி அனுப்பியிருக்கிறேன்.