தகரக் கூரையின் கீழே

"மிஸ், ஃபான் போட்டாலும் வெக்கை குறையுதில்லை. மத்தியானத்தில பிள்ளை கண் மூடுறானில்லை." களப்பணிக்குச் செல்லும் வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. 2009 இற்குப் பின் வன்னியில் மீளக்குடியமர்ந்த பல குடும்பங்களின் முதல் வீடு தகரக் கொட்டில்தான். இன்றும் பல குசினிகளுக்குத் தகரமே கூரை.

ஃபான் ஏன் பயன்தருவதில்லை? வெப்பம் மூன்று வழிகளில் செல்லும் எனப் பாடசாலையில் படித்திருப்போம். கறிக்குள் வைத்த கரண்டியின் பிடி சுடுவது கடத்தல். உலைநீர் மேலும் கீழும் சுழல்வது மேற்காவுகை. எரியும் அடுப்பின் முன் நிற்கையில் முகத்தில் சுள்ளென்று படுவது கதிர்வீசல். இதற்குக் காற்றோ வேறு பொருளோ தேவையில்லை. சூரிய வெப்பம் சுமார் 15 கோடி கிலோமீற்றர் கடந்து நம்மை அடைவதும் இவ்வாறுதான்.

வெயிலில் காய்ந்த தகரமும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களைக் கீழே வீசுகிறது. ஃபான் காற்றை அசைக்குமேயன்றிக் கதிர்களைத் தடுக்காது. 1879 இல் ஜோசப் ஸ்டெபான் கண்டறிந்த விதியின்படி, 30 பாகை செல்சியஸில் உள்ள ஒரு மேற்பரப்பு 60 பாகைக்குச் சூடேறினால், அது வீசும் கதிர் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்.

பளபளப்பான புதிய தகரம் குறைவாகவே கதிர்வீசும். துருவும் புகைக்கரியும் படிந்த தகரம் கூடுதலாக வீசும். ஆகவே குசினியில் நிற்கும் பெண்ணுக்கு முன்னால் ஓர் அடுப்பு, தலைக்கு மேல் இன்னோர் அடுப்பு!

சகோதரிகளே, சிறு செலவில் சிலவற்றைச் செய்யலாம். கூரையின் வெளிப்புறத்துக்கு வெள்ளை பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். படுக்கும் அறையில் தகரத்துக்குக் கீழே, ஒரு சாண் இடைவெளி விட்டு, கிடுகினால் தட்டி அடிக்கலாம். அது கதிர்களை மறிக்கும். குசினியில் இது வேண்டாம், தீப்பிடிக்கும். மத்தியானத்தில் ஏணையை வேம்பின் கீழ் கட்டுங்கள். இலைகள் நீராவியை வெளிவிடுவதால் தகரம்போல் சூடேறுவதில்லை. குழந்தை உடல் சுட்டு, பால் குடியாமல் சோர்ந்து கிடந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நான் கலந்துகொண்ட வீட்டுத்திட்டக் கூட்டங்களில் கூரையைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் பகலில் வெளியே வேலைக்குப் போகும் ஆண்களே. பகல் முழுவதும் அதன் கீழ் வேகும் பெண்கள் பின்வரிசையில் மௌனமாக இருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் நீங்களும் எழுந்து பேசுங்கள். கூரையின் சூட்டை உங்களைவிட நன்கு அறிந்தவர் அங்கு எவருமில்லை.