யானையைத் தேர்ந்தெடுக்கும் முன் நெறியாளரைத் தேர்ந்தெடுங்கள்

விலங்கியலிலோ தாவரவியலிலோ முதுகலை முடித்துவிட்டு, காட்டில் ஆய்வு செய்ய வேண்டும் என்ற ஆசையோடு வரும் பிள்ளைகளிடம் "எதில் பிஎச்.டி. செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஓர் உயிரினத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். யானை, சிறுத்தை, இருவாச்சி, கடலாமை. யாரிடம், எந்தப் பணத்தில், யாருடைய அனுமதியோடு என்று அடுத்து கேட்டால் யோசிக்கிறார்கள். காட்டுயிர் ஆய்வுக்கு ஐந்தாறு ஆண்டுகளைக் கொடுத்துவிட்டுப் பட்டம் வாங்காமல் திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கதை இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் போய் முட்டும்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. டேராடூனில் 1982-இல் தொடங்கிய இந்திய வன உயிரின நிறுவனம் இருக்கிறது. கோவைக்கு அருகே ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையம் இப்போது அதனோடு இணைந்துவிட்டது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், தேசிய உயிரியல் ஆய்வு மையம், ஏட்ரீ ஆகியவை உள்ளன. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் துறை, கடல் என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி என்று பட்டியல் நீளும். பெரிய ஊர், பெரிய பெயர் கிடைக்கவில்லையே என்று யாரும் மனம் தளர வேண்டாம். நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசியில் ஒரு கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டுதான் 1970-களில் பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்தார். சுதந்திரமாகத் திரியும் ஒரு பாலூட்டியைக் காட்டிலேயே தங்கி ஆராய்ந்த முதல் இந்தியர்களில் அவர் ஒருவர்.

ஆய்வு செய்யும் இடமும் பட்டம் கொடுக்கும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. டேராடூனில் ஆய்வு செய்த பலரின் சான்றிதழில் சௌராஷ்டிரா பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். அதில் தவறேதும் இல்லை. ஆனால் சேரும் முன்பே "என் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும், அங்கே என் பதிவு எப்போது நடக்கும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். யுஜிசி சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமோ, நிகர்நிலை அந்தஸ்து பெற்றதோ, நாடாளுமன்றம் அதிகாரம் அளித்த நிறுவனமோதான் பட்டம் வழங்க முடியும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி வெளியிடுகிறது. விதிகளைப் பின்பற்றாமல் பிஎச்.டி. வழங்கியதற்காக ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு முனைவர் பட்டச் சேர்க்கையே நடத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் தடை போட்டதும் யுஜிசிதான். பகுதி நேரத்தில் பிஎச்.டி. செய்யலாம், வேலை கொடுத்தவரின் தடையின்மைச் சான்று வேண்டும். அஞ்சல்வழியிலோ முழுக்க இணையவழியிலோ பிஎச்.டி. என்று யாராவது விளம்பரம் செய்தால் அது செல்லாது.

அடுத்தது நெறியாளர். அவர் எழுதிய கட்டுரைகளை எல்லோரும் படிக்கிறார்கள். அவருடைய மாணவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பதற்கு இலவசமான வழி ஒன்று இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா' என்ற தளத்தில் சேர்க்கப்படுகின்றன. நெறியாளரின் பெயரைப் போட்டுத் தேடி, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேட்டை ஒவ்வொன்றாகத் திறங்கள். முதல் சில பக்கங்களே போதும். சான்றிதழ்ப் பக்கத்தில் சமர்ப்பித்த மாதமும் ஆண்டும் இருக்கும். ஆய்வு முறைகள் பகுதியில் களப்பணி எந்த ஆண்டு தொடங்கியது என்பது இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி மூன்று ஆண்டா, எட்டு ஆண்டா என்று கணக்குப் போடுங்கள். பிறகு நன்றியுரைக்கு வாருங்கள். ஜீப் யார் கொடுத்தது, எந்த நிதித் திட்டம், எந்த வனச்சரகர், எந்த ஊர்க்காரர் கூடவே நடந்தார் என்று அங்கே எழுதியிருப்பார்கள். களச்செலவை அப்பா கொடுத்தார், அண்ணன் கொடுத்தார் என்ற வரி ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வேட்டில் வந்தால், உங்களுக்கும் அதுதான் நடக்கும். முடித்தவர்கள் இரண்டு பேரிடமும், முடிக்காமல் போனவர் யாராவது கிடைத்தால் அவரிடமும் பேசுங்கள். முடிக்காதவர் சொல்வதில் கசப்பு இருக்கலாம், ஆனாலும் கேளுங்கள்.

யுஜிசியின் 2022-ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைகளைத் தரவிறக்கி ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது. ஓய்வு பெற மூன்று ஆண்டுகூட இல்லாதவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது. "சேர்ந்துகொள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் நெறியாளரிடம் காலியிடம் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பணத்துக்கு வருவோம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாய், இதற்கு மேல் வீட்டு வாடகைப்படி. மொத்தம் ஐந்து ஆண்டுகள். இந்தப் பணம் மாணவரின் பெயரில் வருவது, நெறியாளரின் தயவில் வருவதில்லை. அதனால்தான் நெட் எழுதுவதில் செலவிடும் ஓர் ஆண்டு வீண் இல்லை என்கிறேன். மற்ற வழி, நெறியாளர் வாங்கிய நிதித் திட்டத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்வது. நல்ல வழிதான், ஆனால் இங்கேதான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். திட்டம் மூன்று ஆண்டு. முதல் ஆண்டு திட்டத்துக்கான கணக்கெடுப்பில் போகும், "அடுத்த அறிவிப்பில் பதிவு செய்துவிடலாம்" என்பார்கள், இரண்டாம் ஆண்டும் அப்படியே போகும். திட்டம் முடியும்போது கையில் சம்பளமும் இல்லை, பதிவும் இல்லை. தானியங்கி கேமராக்களில் இரண்டு ஆண்டாகச் சேர்த்த படங்கள் மட்டும் நெறியாளரின் ஹார்டு டிஸ்கில் இருக்கும். எந்தத் தேதிக்குள் பதிவு, திட்டத் தரவில் எந்தப் பகுதியை ஆய்வேட்டில் பயன்படுத்தலாம், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, திட்டம் நின்றால் சம்பளத்துக்கு என்ன வழி என்ற நான்கையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்காமல் சேர வேண்டாம்.

பிற துறை மாணவருக்கு இல்லாத ஒரு சிக்கல் காட்டுயிர் மாணவருக்கு உண்டு, அது அனுமதி. சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ ஆய்வுக்காக நுழைய, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விலங்கைப் பிடித்து வளையமோ ரேடியோ காலரோ மாட்டுவதானால் 12-ஆம் பிரிவில் தனி அனுமதி, முதல் அட்டவணை உயிரினமென்றால் மத்திய அரசின் முன்னனுமதியும் சேர்ந்துகொள்ளும். விண்ணப்பம் சென்னைக்குப் போய், கருத்துக் கேட்டு கள இயக்குநருக்கோ மாவட்ட வன அலுவலருக்கோ இறங்கி, திரும்ப மேலே ஏறி உத்தரவாக வர மாதக்கணக்காகும். வரும் உத்தரவில் யார் யார் போகலாம், எந்தச் சரகம், எது வரை என்று இருக்கும். பெயர் இல்லாத நண்பரை ஒருநாள் கூட்டிப்போனால்கூட அனுமதியே பறிபோகலாம்.

இந்தக் காத்திருப்பில் ஒரு பருவமழைக் காலம் கைநழுவினால் ஓர் ஆண்டே போய்விடும் என்பதைப் பல்கலைக்கழக அலுவலகம் கணக்கில் எடுக்காது. சேர்க்கை நாளிலிருந்து ஆறு ஆண்டு என்ற கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். உதவித்தொகையோ ஐந்தாம் ஆண்டிலேயே நின்றுவிடும். ஆகவே ஆய்வுக் கேள்வியின் ஒரு பகுதியாவது பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு வெளியே விடை தேடக்கூடியதாக இருக்கட்டும். ஏரி, வயல், தேயிலைத் தோட்டம், கோயில் காடு, நெடுஞ்சாலை ஓரம் என்று எங்கும் சூழலியல் இருக்கிறது. அனுமதி வருவதற்குள் முதல் அத்தியாயம் முடிந்துவிடும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிந்துகொண்டு இங்கே களப்பணி செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் வெளிநாட்டவரை மட்டுமல்ல, வருமான வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியரானவரையும் கட்டுப்படுத்தும். ரத்தமோ எச்சமோ இலையோ மாதிரியாக வெளியே போகும் முன் சென்னை தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தேவையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் எடுத்துச் சென்றேன் என்ற பதில் செல்லாது.

காட்டில் யானைக்குப் பயப்படுவார்கள், உண்ணிக்குப் பயப்படமாட்டார்கள். குரங்குக் காய்ச்சல் உண்ணியால்தான் பரவுகிறது. விபத்துக் காப்பீடு இருக்கிறதா, பாம்புக்கடிக்கு நஞ்சுமுறி மருந்து உள்ள பக்கத்து மருத்துவமனை எது என்பவை முதல் வாரமே தெரிய வேண்டியவை. உங்களோடு நடக்கும் இருளரோ காட்டுநாயக்கரோ குறும்பரோ, அவருக்கும் அதே காப்பீடும் மாதம் தவறாத கூலியும் கேட்டு வாங்கிக் கொடுப்பது உங்கள் கடமை. யானையின் வாசத்தை உங்களுக்கு முன்னால் அறிந்து உங்களைத் தடுத்து நிறுத்துபவர் அவர்தான்.

இனி, சேர்ந்த பிறகு தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பது. பெண் ஆய்வாளர்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கால வரம்பில் கூடுதலாக இரண்டு ஆண்டு உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை எடுக்கலாம். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாற நேரும் பெண், நிதித் திட்டத்தைச் சாராத தன் ஆய்வுத் தரவைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்ல விதி அனுமதிக்கிறது. இதைச் சொல்லாமல் "கல்யாணம் ஆச்சே, விட்டுடும்மா" என்று அனுப்பிவைத்த துறைகள் உண்டு. இனி யாரும் அப்படி விட்டுவர வேண்டாம்.

பாலியல் தொல்லை பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். வன ஓய்வு விடுதி, கள முகாம், ஜீப் எல்லாமே சட்டத்தின் பார்வையில் பணியிடமும் வளாகமும்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் யுஜிசியின் 2015 விதிமுறைகளும் அங்கேயும் செல்லும். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். புகார் நெறியாளர் மீதே என்றால், விசாரணை முடியும்வரை அவர் உங்கள் ஆய்வை மதிப்பிடக் கூடாது என்று இடைக்காலத் தடை கேட்க 2015 விதிமுறையிலேயே இடமுண்டு. "புகார் கொடுத்தால் ஆய்வேட்டில் கையெழுத்துக் கிடைக்காது" என்ற பயத்துக்கு இதுவே பதில்.

மற்ற குறைகளுக்கு 2023-ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் இருக்கின்றன. கட்டணத்துக்காக அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பது, உதவித்தொகையை இழுத்தடிப்பது இரண்டும் அதில் குறைகளாகவே சொல்லப்பட்டுள்ளன. முதலில் மாணவர் குறைதீர்ப்புக் குழு, 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. எந்தப் புகாருக்கும் உயிர் கொடுப்பது காகிதம்தான். ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் உங்கள் முன்னேற்றத்தை வைக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்தைத் தள்ளிப்போட விடாதீர்கள், கையெழுத்தான அறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள். தரவின் ஒரு பிரதி எப்போதும் உங்களிடமும் இருக்கட்டும்.

காட்டுக்காக வேலை செய்ய முனைவர் பட்டம் எல்லோருக்கும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. கல்லூரி ஆசிரியராகவோ விஞ்ஞானியாகவோ போக விரும்புபவருக்கு வேண்டும். களத்தில் நின்று ஊர்மக்களோடு வேலை செய்ய முதுகலையும் நல்ல அனுபவமும் போதும். எது வேண்டும் என்று தெரியாதவர்கள் முதலில் ஓர் ஆண்டு ஏதாவது ஒரு திட்டத்தில் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். அந்த ஓர் ஆண்டில் மழையும் அட்டையும் அலுவலகமும் நெறியாளரும் எப்படி என்று தெரிந்துவிடும். அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால், மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் எழுதி அனுப்புங்கள், சேர்க்கைக் கட்டணத்தைப் பதில் வந்த பிறகு கட்டுங்கள்.