சிம் இல்லாத போனுக்கு வழி தெரிவது எப்படி?

டோக்கியோவில் ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் சிம் அங்கே வேலை செய்யவில்லை, இணையமும் இல்லை. ஆனாலும் அப்பாவின் போனில், வரைபடச் செயலி நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு நீலப் புள்ளியைக் காட்டுகிறது. எப்படி?

இடத்தைக் கண்டுபிடிக்க இணையம் வேண்டியதே இல்லை, குட்டீஸ்! சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும், தான் எங்கே இருக்கிறது, இப்போது மணி என்ன என்பதை ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். வானொலிப் பெட்டியைப் போல, போன் அதைக் கேட்க மட்டும் செய்கிறது. செயற்கைக்கோளுக்குப் பதில் எதுவும் அனுப்புவதில்லை.

அந்த அறிவிப்பு கீழே வந்துசேர ஏறக்குறைய 0.07 நொடி ஆகிறது. ரேடியோ அலையின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 21,000 கிலோமீட்டர். செயற்கைக்கோள் இருக்கும் தூரம் கிடைத்துவிட்டது! இப்படி மூன்றின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். நான்காவது ஒன்றும் வேண்டும். போன் கடிகாரத்தின் பிழையைத் திருத்துவது அதுதான். ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்கு போட்டு, அதில் ஒரே ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் தப்பிவிடும். அதனால்தான் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள்.

ஷின்ஜுகுவில் இன்னொரு சிக்கல். உயர்ந்த கட்டடங்கள் வானத்தை மறைக்கும். அலைகள் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். போன் குழம்பி, புள்ளியைப் பக்கத்துத் தெருவில் போட்டுவிடும். இதற்காகவே ஜப்பான் 2010 முதல் 'மிச்சிபிக்கி' செயற்கைக்கோள்களை ஏவிவருகிறது. அவற்றில் ஒன்றாவது எப்போதும் ஜப்பானின் உச்சிவானத்துக்கு அருகில் இருக்கும். நேர் மேலிருந்து வரும் அலையைக் கட்டடங்கள் அவ்வளவாக மறைப்பதில்லை.

ஆனால் ஒன்று. செயற்கைக்கோள் உங்கள் இடத்தைச் சொல்லுமே தவிர, தெருவின் பெயரைச் சொல்லாது. அதற்கு வரைபடம் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். 'ஆர்கானிக் மேப்ஸ்' போன்ற செயலிகளில், கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் அதை இறக்கிக்கொள்ளலாம்.

வெளிநாடு போகும்வரை காத்திருக்க வேண்டாம். பெரியவர்களிடம் கேட்டு, உங்கள் ஊர் வரைபடத்தை இறக்குங்கள். பிறகு மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, போனோடு மொட்டை மாடிக்குப் போங்கள். ஓரிரு நிமிடம் பொறுங்கள். புள்ளி சரியான இடத்தில் விழுகிறதா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள்!