பதினைந்து தோசை, பதினாறு பேர்

கிள்ளானில் அத்தை வீட்டு ஹாலில் 32 அங்குல டிவி. தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் வரும் மலாய் வசன வரியில் பாதி சட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. "அத்தை, தமிழ்ப் படத்துக்கு மலாய் எழுத்து எதுக்கு?" என்றேன். "பக்கத்து வீட்டு மக்சிக் வந்து உட்காருவாங்க. அவங்களுக்கு வேணுமே."

அதைச் சரிசெய்ய, டிவிக்குச் சேனல்களை அனுப்பும் டிகோடரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். 576, 720, 1080 என்று வரிசையாக எண்கள். "பெரிய நம்பரா போடு லா" என்றார் மாமா. எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

'எச்டி ரெடி' என்று விற்ற 32 அங்குலப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் குறுக்கே 1366 புள்ளிகள், மேலிருந்து கீழே 768 வரிகள். (768 வரிக்கு 16:9 கணக்கில் அகலம் 1365.33 வரும், புள்ளியை உடைக்க முடியாது, அதனால் 1366.) ஆனால் 768 வரியில் எந்தச் சேனலும் ஒளிபரப்புவதில்லை. எதை அனுப்பினாலும் டிவி அதைப் பிசைந்து 768 ஆக்கித்தான் காட்டும்.

720 வரி வந்தால் ஒவ்வொரு 15 வரியையும் 16 ஆக்க வேண்டும். 15 தோசையை 16 பேருக்குப் பரிமாறுகிற கதைதான்: எல்லார் தட்டிலும் ஒட்டுத்துண்டு விழும், எழுத்தின் ஓரம் லேசாக மழுங்கும். 1080 வந்தால் 45 வரி 32 ஆகச் சுருங்கும், தோசை உபரி. அப்படியானால் மாமா சொன்னதுதானே சரி?

எண்ணுக்குப் பின்னால் நிற்கும் எழுத்தையும் பாருங்கள். 'பி' என்றால் ஒவ்வொரு முறையும் முழுப்படம் வருகிறது. 'ஐ' என்றால் பாதிப்படம்: ஒற்றைப்படை வரிகள் 540 ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் 540 மறு தடவை, நம் ஊரில் நொடிக்கு 50 தடவை. இரண்டு பாதிகளுக்கும் இடையில் பந்து நகர்ந்துவிடும். அப்படியே கோத்தால் பந்தின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். நல்ல டிவி அசைவைக் கணித்துக் கோக்கும். மலிவான டிவி ஒரு பாதியை மட்டும் எடுத்து, 540 வரியை 768 ஆக இழுத்துவிடும். 1080ஐ என்று போட்டு, 720பி-யைவிடக் குறைவாகப் பார்ப்பது இப்படித்தான். சேனல் 1080ஐ-யில் வரும்போது டிகோடரில் 720பி வைத்தால் கோக்கிற வேலை டிகோடருக்குப் போகிறது. இரண்டில் எது கெட்டிக்காரப் பெட்டி என்பதுதான் கேள்வி.

அத்தை வீட்டில் 1080ஐ வைத்தபோது, செய்தியின் அடியில் ஓடும் எழுத்து நடுங்கியது, 720பி-யில் அடங்கியது. பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு டிவியிலோ நேர் எதிர்.

தூரத்தையும் மறக்கக் கூடாது. 32 அங்குலத் திரையின் அகலம் சுமார் 71 செ.மீ.; ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். நல்ல கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறியும். கணக்குப் போட்டால், ஆறடிக்கு அப்பால் அந்தப் புள்ளி தனியாகத் தெரியாது. அதே அளவில் 1080 வரியுள்ள திரையே வாங்கினாலும் அதன் முழுப் பலன் கிடைக்க நாலடியில் உட்கார வேண்டும். அத்தையின் சோபா எட்டடி தள்ளிக் கிடக்கிறது.

சரி, மக்சிக்கின் வசன வரி? அது வேறு வியாதி. பழைய குழாய் டிவிகளில் ஓரம் கோணலாக இருக்கும். அதை மறைக்கப் படத்தைச் சில விழுக்காடு பெரிதாக்கி ஓரத்தை வெட்டினார்கள். அந்தக் காலத்து அனலாக் ஒளிபரப்பும் மலேசியாவில் 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு முற்றாக நின்றது. வெட்டும் பழக்கம் மட்டும் தட்டைத் திரையிலும் தங்கிவிட்டது. வெட்டிப் பெரிதாக்குவதால் படம் இன்னொரு முறை பிசையப்படுகிறது, கூர்மையும் குறைகிறது.

ஆகவே எண்ணைத் தொடும் முன் டிவியின் படவடிவப் பட்டியலில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருக்கிறதா பாருங்கள். அதை வைத்துவிட்டு, ஒரு பந்தாட்டத்தை இரண்டு எண்ணிலும் ஐந்தைந்து நிமிடம், உங்கள் சோபாவில் உட்கார்ந்தே பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் 720பி போதும்.